மருந்தேந்தியாகப் புளியங்கொட்டை

தருமபுரி மாவட்டத்தில் புளியின் மருத்துவ குணத்தைப் பேசத் தொடங்கினால், பேச்சு நிலத்தடி நீரின் புளூரைடில் போய் நிற்பது இயல்பு. அதற்குச் சான்றும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்தனர். சிறுநீரில் வெளியேறும் புளூரைடு கூடியது. 2002இல் வெளியான இந்த முடிவு கவனத்துக்குரியது. ஆனால் 18 நாள் சிறுநீர்க் கணக்கை வைத்துப் புளூரைடால் வரும் பல் கறையும் எலும்புக் கோணலும் சரியாகும் என்று சொல்ல இடமில்லை. புளியின் அமில அளவு மரத்துக்கு மரம் மாறும். அளவு நிலைக்காத பொருளை உணவு எனலாம், மருந்து வடிவம் எனலாகாது. புளூரைடுக்குத் தீர்வு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்ற மாற்று நீர்தான். மருந்தாக்கவியல் நாட வேண்டியது புளியின் சதையை அல்ல, கொட்டையை.

கொட்டைப் பருப்பின் பெரும்பகுதி சைலோகுளுக்கான் என்னும் பல்கூட்டுச் சர்க்கரை. அது நோயைத் தீர்க்காது. நோயைத் தீர்க்கும் மருந்தை உரிய இடத்தில் நிறுத்தி வைக்கும். கண் சொட்டு மருந்தைப் பாருங்கள். ஒரு சொட்டு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர்; கண்ணில் இயல்பாக நிற்கும் நீரோ 7 மைக்ரோலிட்டர்தான். மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது மூக்கு வழியே தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். கண்ணுக்குள் ஊடுருவுவது பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சைலோகுளுக்கானில் குளுக்கோஸ் தண்டிலிருந்து சைலோசும் காலக்டோசும் கிளைகளாக நீள்கின்றன. இந்தக் கிளையமைப்பு கண்ணீரின் மியூசினை ஒத்திருப்பதால் விழிப்பரப்பில் ஒட்டி நிற்கிறது. இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள் ஜென்டாமைசினையும் ஆஃப்லாக்சசினையும் சைலோகுளுக்கான் கரைசலில் கலந்து முயல்களின் கண்ணில் விட்டபோது, மருந்து கூடுதலாக உட்சென்றது. அம்முடிவு 2000இல் வெளியானது. பின்னர் இதே பொருள் உலர்கண் சொட்டுகளிலும் சேர்ந்தது.

இன்னொரு குணம் இதைவிட வியப்பானது. நொதியால் காலக்டோசில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை நீக்கிவிட்டால், குளிரில் நீராக ஓடும் கரைசல் உடல் வெப்பத்தில் கூழாக இறுகும். பொதுவாகச் சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் ஜெலட்டினுக்கு நேர் எதிர். வாய்வழியே திரவமாக விழுங்கி, வயிற்றில் கூழாக்கி, மருந்தை மெல்லக் கசியவிடும் வழியை ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கொண்டே சோதித்தனர்.

இத்தனையும் இருந்தும் நம் களங்களில் கொட்டை துணைச்சரக்குதான். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைப் பிதுக்கித் தள்ளும் பெண்களின் கவனமெல்லாம் சதையின் மீது, விலையும் அதற்குத்தான். பருப்புப் பொடி 1943 வாக்கில் பருத்தி ஆலைகளின் பாவுக்கஞ்சிக்கு மாவுச்சத்தின் மாற்றாக வணிகத்துக்கு வந்தது. கஞ்சிக்கு எந்தக் கொட்டையும் போதும். மருந்துக்குப் போதாது.

சிக்கலின் வேர் வறுவலில் இருக்கிறது. செந்தோலை நீக்கக் கொட்டையை வறுத்தாக வேண்டும். சூடு மிஞ்சினால் சர்க்கரைத் தொடர் அறுந்து பாகுத்தன்மை விழுகிறது. சூடு குறைந்தால் தோல் துணுக்கும் அதன் டானினும் பொடியில் தங்குகின்றன. பிறகு கொதிநீரில் கரைத்து, தெளியவைத்து, எத்தனாலில் வீழ்த்திப் பிரிக்கும்போது இந்த வேறுபாடுகள் அப்படியே தொடர்கின்றன. ஒரு தொகுதிக் கூழ் மருந்தை ஆறு மணி நேரம் பிடித்து வைத்து, அடுத்த தொகுதி மூன்று மணியில் விட்டுவிட்டால், நோயாளிக்கு அது இருவேறு மருந்து.

ஆலையில் செய்யும் செல்லுலோஸ் வழிப்பொருள்கள் மலிவாகவும் ஒரே தரத்திலும் கிடைக்கையில் புளியங்கொட்டை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ‘இயற்கையானது’ என்ற பதில் அதற்குப் பதிலாகாது, எட்டிக்கொட்டையும் இயற்கைதான். மாத்திரையைப் பிடித்து வைக்கும் ஒட்டுப்பொருளாகப் புளியங்கொட்டை போட்டியிடத் தேவையில்லை. விழிப்பரப்பில் ஒட்டுவது, உடல் வெப்பத்தில் இறுகுவது ஆகிய இரண்டில்தான் அதன் வலு. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ கொட்டை சேர்ப்பவர் இன்று எடைக்குத்தான் காசு பெறுகிறார். ஈரப்பதம், வறுசூடு, தோல் மிச்சம் ஆகியவற்றைக் கொள்முதலிலேயே அளந்து அதற்கேற்ப விலை வைத்தாலொழிய, சுத்திகரிப்பு ஆலை எங்கே அமைந்தாலும் அதற்குள் போவது பாவுக்கஞ்சிச் சரக்காகவே இருக்கும்.