மனந்திரும்புதல்: ஒரு சொல்லாட்சியின் வரலாறு

மொழித் தேர்வாயினும் திருமறைத் தேர்வாயினும், ஒரு பகுதியைக் கொடுத்து, "இவ்விடத்தில் நூலாசிரியர் இச்சொல்லை எப்பொருளில் ஆளுகின்றார்?" என்று வினவுவது நெடுநாளைய வழக்கம். எளிதெனத் தோன்றும் இவ்வினா மாணவரை இடறச் செய்வதை விடைத்தாள் திருத்துவோர் அறிவர். சிலர் அகராதியிலுள்ள பொருள் அனைத்தையும் வரிசையாக எழுதிவிடுவர்; சிலர் அச்சொல் இன்று தம் ஊரில் வழங்கும் பொருளை எழுதுவர்; வேறு சிலர் சொல்லைப் பிரித்து வேர்ப்பொருளைத் தருவர். கேட்கப்பட்டது இம்மூன்றும் அன்று. இதே வினாவை எழுப்பி விடை தேடிய சிலராலேயே மேலைத் திருச்சபையின் வரலாறு ஒருமுறை திசை மாறிற்று.

1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, 'கான்ஸ்டன்டைனின் நன்கொடை' எனப்பட்ட ஆவணத்தை ஆராய்ந்தார். நான்காம் நூற்றாண்டுப் பேரரசன் மேலை நாடுகளின் ஆட்சியைப் போப்பரசருக்கு ஈந்ததாகக் கூறும் ஆவணம் அது. அதன் சொற்களையே வல்லா சாட்சிக் கூண்டில் ஏற்றினார் எனலாம். உரோமப் பேரரசின் பெருமக்களோடு 'சத்ராப்' என்போரும் அதில் எண்ணப்படுகின்றனர்; அதுவோ பாரசீக ஆளுநருக்குரிய பட்டம். 'தயாதெம்' என்பது அக்காலத்தில் தலையிற் கட்டும் துணிப்பட்டை. ஆவணமோ அதைப் பொன்னும் மணியும் இழைத்த முடியாக்குகிறது. கான்ஸ்டன்டைன் காலத்தவர் இவ்வாறு எழுதியிரார் என வல்லா முடிவு செய்தார். அது ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்பதே இன்று அறிஞர் பலரின் கருத்து. வல்லா அப்போது போப்போடு பகைத்திருந்த அரகோன் அரசர் அல்போன்சோவின் பணியில் இருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் நோக்கம் எதுவாயினும் சான்று சான்றே.

இதே அளவுகோலை வல்லா புதிய ஏற்பாட்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பிற்கும் கொண்டுசென்று, அதனைக் கிரேக்கப் படிகளோடு ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். 1504-இல் லூவேன் அருகிலுள்ள பார்க் மடத்து நூலகத்தில் அக்குறிப்புகளைக் கண்டெடுத்த எராஸ்மஸ், அடுத்த ஆண்டே பாரிஸில் அவற்றை அச்சேற்றினார். 1516-இல் பாசல் நகரில் அவர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு அப்பாதையில் எழுந்ததே.

மத்தேயுவின் தொடக்க அதிகாரங்களில் யோவான் ஸ்நானனும் நம் ஆண்டவரும் கூறும் அழைப்பைக் கிரேக்கம் 'மெட்டனோயேயிட்டே' என்கிறது. வல்கேட்டில் அது 'பெனிடென்சியாம் ஆகிடே' என அமைந்தது. ஜெரோம் சுவிசேஷங்களைத் திருத்திய நான்காம் நூற்றாண்டில் இச்சொற்றொடர், செய்ததற்கு வருந்தி வாழ்வை மாற்றிக்கொள்வதைக் குறிக்கப் போதுமானதாயிருந்தது. மொழிபெயர்த்தோர் மீது பழி சுமத்துவது முறையன்று. ஆனால் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, 'பெனிடென்சியா' என்றாலே குருவிடம் பாவ அறிக்கை செய்து, அவர் விதிக்கும் பரிகாரத்தை நிறைவேற்றும் திருச்சடங்கு என்றாயிற்று. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பருவமடைந்த விசுவாசி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்வறிக்கை செய்யவேண்டும் என விதித்தது. எழுத்து மாறவில்லை, வாசிப்போரின் காலம் மாறிற்று. ஆண்டவரே பரிகாரம் செய்யும்படி கட்டளையிட்டதாக மக்கள் எளிதில் எண்ணிக்கொண்டனர்.

எராஸ்மஸ் தம் குறிப்பில், கிரேக்கச் சொல் நல்லுணர்வுக்குத் திரும்புவதையே சுட்டுகிறது என விளக்கினார். 1517-இல் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கூற்றுகளில் முதலிரண்டும் இச்சொல்லின் மேலேயே நிற்கின்றன. விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருப்பதை ஆண்டவர் விரும்பினார் என்கிறது முதலாவது; குருமார் நடத்தும் சடங்கை இச்சொல் குறிக்க இயலாது என்கிறது இரண்டாவது. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைப் பற்றிய வழக்கு இப்பொருள் விளக்கத்திற்குப் பின்னரே வருகிறது. 1518 மே மாதம் தம் மூத்தவரான ஸ்டௌபிட்ஸுக்கு எழுதிய மடலில், தமக்கு மிகக் கசப்பாயிருந்த இச்சொல் எவ்வாறு இனிமையாயிற்று என்பதை லூத்தர் விவரிக்கிறார். அம்மடல் ஒரு சொல்லாராய்ச்சி மட்டுமன்று. கலங்கிய ஆத்துமா ஒன்று இளைப்பாறுதல் கண்ட வரலாறும் ஆகும்.

ஆயினும் அம்மடலில் லூத்தர் 'மெட்டா', 'நூஸ்' எனச் சொல்லைப் பிரித்துப் பொருள் காட்டுவதை நாம் சற்று எச்சரிக்கையோடு நோக்கவேண்டும். தேர்வில் வேர்ப்பொருள் எழுதும் மாணவரின் வழி இது. செப்துவஜிந்தில், தீர்க்கதரிசிகள் விடுக்கும் 'திரும்புங்கள்' என்ற எபிரெய அழைப்புக்கு, 'எபிஸ்ட்ரெபோ' போன்ற வேறு கிரேக்கச் சொற்களே பெரும்பாலும் நிற்கின்றன. 'மெட்டனோயேயோ' என்பதோ யோனா 3:10-இல் தேவனுக்கே ஆளப்படுகிறது! வேரை மட்டும் கொண்டு ஒருவர் அங்கே என்ன எழுதுவார்? 1961-இல் ஜேம்ஸ் பார் என்பார் வேதாகம மொழியின் பொருளியலைப்பற்றி எழுதிய நூலில், கிட்டல் அகராதியின் முறையைக் கண்டித்தது இக்காரணத்தாலேயே. இறையியற் கருத்தைத் தாங்குவது தனிச்சொல் அன்று, வாக்கியமே என்றார் அவர். ஒரு சொல்லுக்குப் பற்பல இடங்களில் உள்ள பொருளையெல்லாம் திரட்டி ஒரே இடத்தில் ஏற்றுவதும் தவறு என்றார். நம் அருளுரைகள் பல இக்கண்டனத்திற்குத் தப்பமாட்டா.

நம் தமிழ் வேதாகமத்திற்கு வருவோம். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் முழுமையாக வெளிவந்து, இன்றும் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில், மத்தேயு 4:17 'மனந்திரும்புங்கள்' என்கிறது. கிரேக்கச் சொல்லின் மனமும் எபிரெய அழைப்பின் திரும்புதலும் ஒரு தமிழ்ச்சொல்லில் கூடியிருப்பது நம் பேறு. ஆனால் லூக்கா 17:4-இல் குற்றஞ்செய்த சகோதரன் வந்து சொல்வதற்கு, கிரேக்கத்தில் அதே வினை இருந்தும், 'மனஸ்தாபப்படுகிறேன்' என்றே காண்கிறோம். இடம் நோக்கிச் சொல்லைத் தெரிந்தனர் என்பது தெளிவு. மத்தேயு 27:3-இல் யூதாசுக்கும் அதே 'மனஸ்தாபம்' வருகிறது. அங்கே கிரேக்கத்தில் உள்ளது 'மெட்டமெலோமாய்' என்ற வேறு வினை. மன்னிப்புக் கேட்கும் சகோதரனையும் நான்றுகொண்டு செத்த யூதாசையும் தமிழில் ஒரே சொல் சுட்டுவதால், அதனை மட்டும் கொண்டு இருவர் நிலையையும் ஒப்பிட்டு அருளுரை ஆற்றுவது இடர்ப்பாடானது.

மேலும், இன்று மனஸ்தாபம் என்றால் இருவருக்கிடையே உண்டான மனக்கசப்பு. யோனாவில் தேவன் மனஸ்தாபப்பட்டார் என வாசிக்கக் கேட்கும் இளைஞர், நினிவேயோடு அவருக்கு ஏதோ பிணக்கு என்று எண்ணினால் வியப்பில்லை. 'கற்பனை' என்ற சொல்லும் அவ்வாறே. கட்டளை எனப் பொருள்பட அன்று ஆளப்பட்டது, இன்று புனைவையே நினைப்பூட்டுகிறது. இலத்தீனுக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

வினாத்தாள் அமைப்போரும் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. எல்லா இடத்திலும் விடை ஒன்றே என்பதில்லை. யோவான் 3:3-இல் உள்ள 'அனோதென்' மறுபடியும் எனவும், மேலிருந்து எனவும் பொருள்படும். நிக்கொதேமு முதற்பொருளைக் கொண்டு, தாயின் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்கிறான். அதே அதிகாரம் 31-ஆம் வசனத்தில் அச்சொல் ஐயமின்றி மேலிருந்து என்றே நிற்பதால், நம் திருப்புதலும் அங்கே 'உன்னதத்திலிருந்து' என்கிறது. மூன்றாம் வசனத்திலோ 'மறுபடியும்' என்ற ஒன்றையே தெரிந்துகொண்டது. இரு பொருளையும் ஒருங்கே தாங்கும்படி சுவிசேஷகர் வேண்டுமென்றே வைத்த சொல் அது எனப் பலர் கருதுகின்றனர். தமிழை மட்டும் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு அவ்வினாவைக் கொடுத்து ஒரே விடைக்கு மதிப்பெண் வழங்கினால், நிக்கொதேமு தேறிவிடுவான்.