பத்து ரூபாய் பெறாத பூனை

எங்கள் பூனை சுண்ணாம்பு உட்காரும் இடம் எடை மெஷின். நாய்களை நிறுத்துப் பார்க்க வாங்கிய தட்டு மெஷின் அது. காலை வெயில் ஜன்னல் வழியாக அதன் மேல்தான் முதலில் விழும். டாக்டர் வந்து மயக்க மருந்துக்குக் கணக்குப் போடும் வரைக்கும் சுண்ணாம்பு அதைவிட்டு அசையாது. நாலேகால் கிலோ. வருஷக்கணக்காக அதே நாலேகால்.

மதுரை காளவாசலிலிருந்து தேனி ரோட்டில் மேற்கே போய் உள்ளே திரும்பினால் வரும் சின்னக் காப்பகம் அது. முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்ற எனக்கு அங்கே பதிவேடு எழுதும் வேலை. எங்கே பிடித்தது, ஆணா பெண்ணா, கருத்தடை முடிந்த அடையாளமாகக் காது நுனி வெட்டிய தேதி, திரும்பக் கொண்டுபோய் விட்ட தேதி. சுண்ணாம்பின் வரியில் கடைசிக் கட்டம் காலி.

காளவாசல் மேம்பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், சிமெண்டுப் பொடி அப்பிய குட்டியாக வந்தது. வெள்ளைப் பூனை என்று நினைத்து காப்பகத்தில் வேலை பார்க்கும் தம்பி பெயர் வைத்துவிட்டான். துடைத்த பிறகு பார்த்தால் சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருந்தது. பாலம் 2020-ல் திறந்தது. பெயர் மாறவில்லை.

அந்தப் பெயரும் ஊர்ப் பெயரும் பொருந்திப்போனதில் எனக்கு ஒரு சந்தோஷம். காளவாசல் என்றால் செங்கலும் சுண்ணாம்பும் சுடும் சூளை. இன்றும் கிராமத்துப் பக்கம் செங்கல் காளவாசல் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் தாத்தா கல் அடுக்கிய ஆள். அப்பத்தா சொல்லும்: "பூனை படுக்காத காளவாசல் கெடையாதுடி. தீ அணைஞ்சு கல்லு எறக்குனதும் உள்ள போயி குட்டி போட்டுரும். அடுத்த தீ வைக்கிறதுக்கு முந்தி கம்பால தட்டிப் பார்த்துட்டுத்தான் வைப்பாக."

கம்பால் தட்டிப் பார்த்தது கருணையா, தோஷத்துக்குப் பயந்ததா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே கம்புதானடி" என்றது அப்பத்தா.

அடுப்பில் பூனை தூங்குகிறது என்பது வறுமைக்குச் சொல்லும் சொலவடை. பூனைக்கு அதில் என்ன வருத்தம் இருக்கும்? மெத்தென்ற சாம்பல், விரட்ட ஆளில்லை. அடுப்பு, காளவாசல், நெல் குதிர், கரிமேட்டு மீன் மார்க்கெட் மேடையின் அடிப்பக்கம் எல்லாம் பூனையே பார்த்துப் பிடித்துக்கொண்ட இடங்கள். எவரும் அதற்கென்று கட்டிக் கொடுத்ததில்லை. குட்டி பெருகினால் எங்கள் தெருவில் செய்தது ஒன்றே ஒன்றுதான்: சாக்கில் கட்டி, வைகையைத் தாண்டித் தத்தனேரிப் பக்கம் விட்டுவிட்டு வருவது. இரண்டாம் நாள் தாய்ப்பூனை ஓட்டின் மேல் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும்.

சர்க்காரின் ஏடுகளில் பூனையைத் தேடினால் கதை இன்னும் வேடிக்கை. 1860-ல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் விலங்கைக் கொல்வது சொத்துக்குச் செய்யும் சேதம். பிரிவு 428-ன்படி, கொன்ற விலங்கு பத்து ரூபாயாவது பெற வேண்டும். 429-ல் யானை, ஒட்டகம், குதிரை, கோவேறு கழுதை, எருமை, காளை, பசு ஆகியவற்றுக்கு விலை பார்க்க வேண்டாம்; மற்றவை ஐம்பது ரூபாய் பெற வேண்டும். எந்தப் பூனைக்கு யார் பத்து ரூபாய் கொடுத்திருப்பார்கள்?

1871-ன் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் ஊர்ப் பவுண்டுகள் வருகின்றன. பயிரை மேய்ந்த மாட்டை அடைத்துவைத்து, அபராதம் கட்டினால் அவிழ்த்துவிடும் தொழுவம். அடைக்கத் தக்கவை என்று அதிலும் ஒரு பட்டியல்: யானை, ஒட்டகத்தில் தொடங்கிக் கழுதை, பன்றி, ஆட்டுக்குட்டி வரைக்கும். மதுரைப் பக்கம் ஒட்டகம் எவன் வயலை மேய்ந்ததோ தெரியாது, ஆனால் அதற்கு இடம் இருந்தது. 1890-ல் வதைத் தடுப்புச் சட்டம் வந்தபோது, விலங்கு என்றால் வீட்டு விலங்கு அல்லது பிடித்து அடைத்த விலங்கு என்று எழுதினார்கள். ஓட்டின் மேல் நிற்கும் பூனை இதில் எது? நல்ல வக்கீல் ஒருவர் இரண்டு பக்கமும் வாதாடலாம்.

லண்டனிலும் அதே கதை. மேரி டீல்பி என்ற அம்மாள் 1860-ல் தொடங்கிய இல்லம் நாய்களுக்கானது. பின்னால் பாட்டர்சிக்கு இடம் மாறி, 1883-ல்தான் பூனைகளுக்குக் கதவைத் திறந்தது.

பூனைக்கு ஒரே ஒருமுறை மதிப்புக் கூடியது, பிளேக் வந்தபோது. 1896-ல் பம்பாயில் தொடங்கிய கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த காலத்தில், வீடுதோறும் பூனை வளர்த்தால் எலி குறையும், நோயும் குறையும் என்று புக்கானன் என்ற ராணுவ மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார். மதிப்பு என்ன மதிப்பு, வேலைக்கு ஆள் எடுப்பதுபோலத்தான்.

மதுரைக்காரியாகப் பெருமையடிக்க எனக்குக் கிடைத்தது இனிமேல்தான். பொதுப்பணித் துறை எஞ்சினியர் ஒருவருக்கு 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்த பெண், ருக்மிணி தேவி. பரதநாட்டியத்துக்காகவும் கலாக்ஷேத்ராவுக்காகவும் அவரை எல்லாருக்கும் தெரியும். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமனமானவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் சட்டம் வந்தது. அதில் விலங்கு என்றால் மனிதரைத் தவிர எந்த உயிரும். ஒட்டகத்தை முன்னால் நிறுத்திய பட்டியல் கிடையாது, விலையும் கிடையாது. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர். வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் நடனத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லிருந்து தெருநாய்களுக்குக் கருத்தடை செய்துகாட்டியது. சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டு அந்த வழிக்கு வர 1996 ஆகிவிட்டது. 2001-ல் இதற்கான மத்திய அரசின் விதிகள் வந்தன. பெயரிலேயே அடைப்புக்குறி போட்டு "நாய்கள்" என்று எழுதியிருந்தார்கள். நம்மூர் மாநகராட்சி வெள்ளக்கல்லிலும் செல்லூரிலும் நடத்தும் மையங்களும் நாய்களுக்குத்தான். வெறிநோய் பயம் அப்படி, குறை சொல்லவில்லை. பூனை அறுபத்து மூன்று நாளில் குட்டி போட்டுவிடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அதனால் காப்பகத்துப் பதிவேடு நாய்ப் பதிவேடாகவே இருக்கிறது. சுண்ணாம்பின் இடத்தில் நின்று பார்த்தால் காப்பகம் வேறு விதம். வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அரிசி மூட்டை அடுக்கின் உச்சிக்குப் போய்விடும். கூண்டுகளை இறக்கி வைத்து ஆள் நகர்ந்த பிறகு இறங்கி வந்து ஒவ்வொரு கூண்டின் விளிம்பையும் கன்னத்தால் உரசிவிட்டுப் போகும். தையல் காய்ந்ததும் நாய்கள் வந்த தெருவுக்கே திரும்பிப் போகும். அடுத்த வேன் வரும், மறுபடி உரச வேண்டும். அண்டாவில் கோழித் தலையும் காலும் வேகும் வாடை வந்தால் மட்டும் ஒழுங்கையெல்லாம் மறந்து கத்தும். மே மாதத்தில் தகரக் கூரை காயும்போது, கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடக்கும்.

போன கார்த்திகையில் யாரோ அட்டைப்பெட்டியில் தாயும் மூன்று குட்டியுமாக வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இந்தத் தாய்க்கு மருந்து அலமாரி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், பழைய பேப்பர் கட்டு, கடைசியில் என் பதிவேட்டு மேஜையின் கீழ் இழுப்பறை. சுண்ணாம்பு இரண்டு நாள் முறைத்துவிட்டு எடை மெஷினைத் தவிர மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கணக்கை எடுத்துவிட்டார்கள். இப்போது பிரிவு 325, எந்த விலங்குக்கும் பொருந்தும். சேதிப் பேப்பரில் படித்து அன்றைக்குத் தம்பியிடம் சொன்னேன். அவன் அண்டாவைக் கிளறிக்கொண்டே, "அப்ப இதுக்கு முன்னாடி இவன் பத்து ரூவா பெறமாட்டானா டீச்சர்?" என்று கேட்டான். வெளியே டாக்டரின் பைக் வந்து நின்றது. சுண்ணாம்பு சோம்பல் முறித்து, தட்டிலிருந்து இறங்கி, மூட்டை மேல் ஏறியது. தம்பி சம்மட்டிபுரத்து நாயைத் தூக்கி மெஷினில் வைத்தான். பதினாலரை. எழுதிக்கொண்டேன்.