பஞ்சம் எழுதிய கோடுகள்

1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டனர் என்பர். நாம் அலுவலகத்தில் எழுதும் பேரேட்டில் எண் அடங்கும், துயரம் அடங்குமோ?

அவ்வாண்டு நவம்பரில் ஓவியர் சித்தப்பிரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்து ஊர்களில் திரிந்து, எலும்பும் தோலுமாய்க் கிடந்தோரைக் கறுப்பு மையால் வரைந்தார். 'பசித்த வங்கம்' என நூலாக்கினார். ஆங்கில அரசு அதன் 5,000 படிகளைப் பறித்து எரித்தது. சோறிட வக்கற்ற ஆட்சிக்கு நெருப்பிட மட்டும் கை இருந்தது போலும்! குடும்பத்தார் காத்த படியொன்று தப்பியது.

அவர் தூண்டுதலால் இளமையிலேயே பஞ்சத்தை வரைந்த சோமநாத் ஹோர், 1970-களில் 'காயங்கள்' என்னும் வரிசையைப் படைத்தார். அவற்றில் மையும் இல்லை, முகமும் இல்லை. வெள்ளைத் தாட்கூழில் வெட்டும் கீறலுமே நாம் காண்பவை.