பாதவளைவும் ஆடுசதையும்



கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நிலம் வரலாற்றுப் புகழ் வாய்ந்தது. 1781-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட், ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையோடு கடலூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஜூன் 18-ஆம் நாள், ஐதர் அலியின் வீரர்கள் காவல் புரிந்த சிதம்பரம் கோயிற்கோட்டையைத் தாக்கி, இயலாமல் பின்வாங்கினார். ஜூலை 1-ஆம் நாள் பரங்கிப்பேட்டைப் போரில் வெற்றி கண்டார். இச்செய்திகளைக் கூறும் நூல்களில் தளபதிகளின் பெயர்கள் உண்டு. பீரங்கிகளின் கணக்கும் உண்டு. ஆனால், அப்படையை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்றவை எவை? கோடை வெயிலில் மணலும் சேறும் மிதித்த மனிதக் கால்களே அல்லவா? அக்கால்களைப் பற்றி அறிஞர்கள் கண்டறிந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

ஈரக்காலோடு தரையில் நடந்து பாருங்கள். குதிகாலும் முன்பாதமும் விரல்களும் நன்கு பதியும். உட்புறத்தின் நடுப்பகுதி பதியாது. அதுவே பாதவளைவு. சிலருக்கு உள்ளங்கால் முழுதும் பதியும். அதனைத் தட்டைப்பாதம் என்கிறோம். முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் திரண்டிருப்பது ஆடுசதை. அதன் தசைகள் தடித்த குதிநாண் வழியாகக் குதியெலும்பை மேலே இழுக்கின்றன. அவற்றுக்கும் அடியில் ஆழமாக உள்ள ஒரு தசையின் நாண், உட்கணுக்காலைச் சுற்றிக் கீழிறங்கிப் பாதவளைவின் அடியைப் பற்றி நிற்கிறது. அதனைப் பின்கணைக்கால் தசை எனலாம்.

வளைவைத் தாங்குவன யாவை? தசைகளே அதனைக் கயிறுபோல் தூக்கிப் பிடிக்கின்றன என்று முன்னாளில் பலர் நம்பினர். ஆகவே, தட்டைப்பாதம் தளர்ந்த தசையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நெடுந்தொலைவு நடக்க இயலாதவர் எனக் கூறி இளைஞர் பலரைப் படையில் சேர்க்காது திருப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது கானடா நாட்டு மருத்துவர்களான ஹாரிஸ், பீத் இருவரும் 3,600-க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பாதங்களை ஆராய்ந்து 1947-இல் அறிக்கை வெளியிட்டனர். வளைவு தாழ்ந்திருப்பது மட்டும் குறையன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. தட்டைப்பாதத்தோடு குதிநாணும் குறுகியிருந்தவர்களே பெரிதும் துன்புற்றனர். ஆக, பாதத்தின் வடிவை ஆடுசதையினின்று பிரித்துப் பார்த்தலாகாது என்பது புலனாயிற்று.

1963-இல் பஸ்மாஜியன், ஸ்டெக்கோ என்னும் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். தசை சுருங்கும்போது அதில் நுண்ணிய மின்னோட்டம் எழும். அதனைக் கருவியால் பதிவு செய்யலாம். அமர்ந்திருந்தவர்களின் கால்மீது 100, 200 இராத்தல் எடையை ஏற்றிய போதும் வளைவைத் தாங்குவனவாகக் கருதப்பட்ட தசைகள் அசையாது வாளாவிருந்தன! 400 இராத்தல் ஏற்றிய பின்னரே அவை விழித்தன. எனவே, அசையாது நிற்கும்போது எலும்புகளும் அவற்றைப் பிணைக்கும் பந்தகங்களுமே வளைவைத் தாங்குகின்றன என்பது தெளிவாயிற்று.

ஆயின், நடக்கும்போது நிலைமை வேறு. 1968-இல் கிரே என்பவரும் பஸ்மாஜியனும் நடப்பவர்களின் தசைமின்னோட்டத்தைப் பதிவு செய்தபோது, தட்டைப்பாதம் உடையவரின் தசைகள் மிகுதியாக உழைத்தமை தெரிந்தது. 2009-இல் ஆஸ்திரேலியாவில் மர்லி என்பவரும் அவருடைய குழுவினரும் இயல்பான வளைவுடையோர் 30 பேரையும் தட்டைப்பாதத்தார் 30 பேரையும் ஒப்பிட்டனர். பாதம் ஊன்றி உந்தும் வேளையில், தட்டைப்பாதத்தாரிடம் பின்கணைக்கால் தசை கூடுதலாக உழைத்தது. காலின் வெளிப்புறத் தசையொன்றோ குறைவாக உழைத்தது.

இதன் காரணம் யாது? பிச்சாவரத்துத் தோணிக்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். துடுப்பு விறைப்பாக இருந்தால் கையின் வலிமை முழுதும் தோணியை உந்தும். துடுப்பு வளைந்து கொடுத்தால் தோணி தயங்கும், கை ஓயும். குதிகால் எழும்போது பாதமும் அத்தகைய துடுப்பே. நடுப்பாதம் நெகிழ்ந்தால், அதனை விறைப்பாக்கும் சுமை ஆழத்தசையின்மேல் விழுகிறது.

அவ்விறைப்பு எழும் முறையொன்றை 1954-இல் ஹிக்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். குதிகால் உயர்ந்து விரல்கள் மடங்கும்போது, உள்ளங்காலின் தடித்த நார்ப்பட்டை, கிணற்று உருளையில் கயிறு சுற்றுவது போல், விரலடி எலும்புகளைச் சுற்றி இறுகுகிறது. வளைவு தானே உயர்கிறது. சிதம்பரம் கோயிலின் கீழைக் கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்களும் அவற்றுக்குரிய நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் உள்ளன. அச்சாத்திரம், குதி உயர்ந்து, விரல்கள் மடிந்து, பாதத்தின் நடுப்பகுதியும் வளைந்த நிலையைக் குஞ்சிதம் என்று பெயரிட்டு வகுத்துள்ளது. காரணத்தை அறிவியல் பின்னாளில் கூறிற்று. நிலையைக் கலைஞரின் கண் முன்பே கண்டிருந்தது என்பதை எண்ணி வியக்கிறேன்.

நம் நாட்டு ஆய்வொன்றும் குறிப்பிடத்தக்கது. ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 2,300 சிறுவர் சிறுமியரின் காற்சுவடுகளைப் பதிவு செய்து 1992-இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்தோரிடையே 100-க்கு 8.6 பேரும், வெறுங்காலோடு வளர்ந்தோரிடையே 2.8 பேரும் தட்டைப்பாதம் உடையவராய் இருந்தனர். முள்ளும் கிருமியும் நிறைந்த தெருவில் செருப்பின்றி நடங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. தூய மணலிலும் திடலிலும் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடியாடுவது நன்று என்றே நான் கொள்கிறேன்.

படையில் சேர விழையும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் சுவடு தட்டையாகத் தெரிவதனாலேயே மனம் தளர வேண்டா. நுனிக்காலில் எழுந்து நில்லுங்கள். அப்போது வளைவு தோன்றினால், பாதம் நெகிழ்வும் வலியின்மையும் உடையதாய், ஓடவும் குதிக்கவும் வல்லதாய் இருந்தால், நம் நாட்டுப் படைகளின் மருத்துவ விதிகளும் அதனைக் குறையாகக் கொள்வதில்லை. எழுந்தும் வளைவு தோன்றாவிட்டால், அல்லது வலி இருந்தால், மருத்துவரை நாடுங்கள். ஈரத் தரையிற் பதியும் சுவடு நிற்கும் காலையே காட்டும். நடக்கும் காலின் ஆற்றலை அறிய, அதனை நடக்கவிட்டே பார்க்க வேண்டும்.