திண்டிவனத்தில் மூன்று வாசல்கள்

வானூர், மயிலம், மரக்காணம் பக்கத்துக்காரர்களுக்குத் திண்டிவனம் பேருந்து மாறும் ஊர். சென்னைக்கும் திருச்சிக்கும், புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் அங்கேதான் பிரிகின்றன. உடம்புக்குப் பெரிதாக ஏதேனும் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் முதலில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை நினைவுக்கு வரும், அடுத்து வேலூர். அந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதை வேலூரில் தொடங்கவில்லை. 1890இல், இதே திண்டிவனத்தில், ஓர் இரவில் தொடங்கியது.

அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தாலுகா ஊரான திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கு ஒரு பங்களா இருந்தது. இந்த மிஷனைத் தொடங்கிய குடும்பத்தின் மூத்தவர் டாக்டர் ஜான் ஸ்கட்டர். 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்துவிட்டு, 1836இல் சென்னைக்கு வந்தவர். 1853இல் அவருடைய மகன்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். கடைசி மகன்களில் ஒருவரான இளைய ஜான் ஸ்கட்டரும் மருத்துவர்தான். 1890இல் அவரும் மனைவி சோஃபியாவும் திண்டிவனத்தில் இருந்தார்கள். தாய்க்கு உடல்நலமில்லை என்று தெரிந்து, அமெரிக்காவில் படிப்பை முடித்திருந்த மகள் ஐடா துணைக்கு வந்து சேர்ந்தார். ராணிப்பேட்டையில் பிறந்தவர் அவர். அப்போது வயது இருபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சிறுமியாக இருந்தபோது 1876-78 பஞ்சத்தில் பட்டினிக் குழந்தைகளைப் பார்த்திருந்தார். மிஷன் வாழ்க்கை தனக்கு வேண்டாம், திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

அந்த இரவைப் பிற்காலத்தில் ஐடா பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், நீங்கள் வர வேண்டும் என்று கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் மனைவியைப் பார்ப்பதற்கு அந்த இளைஞர் சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதே கோரிக்கை, அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

மருத்துவர் ஊரிலேயே இருந்தார், கேட்க ஆள் வந்தது, போக மனமும் இருந்தது. வாசலைத் தாண்டக்கூடியவர் மட்டும் இல்லை.

அந்தக் கணவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இரவில் மிஷன் பங்களாவின் கதவைத் தட்டியவர்களும் அவர்கள்தான். வழக்கமான பிரசவங்களை ஊர் மருத்துவச்சிகள் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ அவர்கள் கையை மீறிவிடும். அரசும் இந்தக் குறையை அறிந்திருந்தது. 1885இல் வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டி பெயரில் பெண்களின் மருத்துவத்துக்கென நிதி திரட்டப்பட்டது. அதே ஆண்டு மேரி ஷார்லீப் முயற்சியால் சென்னையில் திறக்கப்பட்ட மருத்துவமனையைத் திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். பெண்களே பெண்களுக்கு வைத்தியம் செய்த அந்த இடம் திண்டிவனத்திலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல். பனிக்குடம் உடைந்த பெண்ணுக்கு அது எட்டாத தூரம்.

ஐடா மனம் மாறினார். 1895இல் பிலடெல்பியாவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்து, கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார்.

இந்தக் கதை பெரும்பாலும் ஒரே பெண்ணின் வைராக்கியமாகவே சொல்லப்படுகிறது. வைராக்கியம் உண்மைதான். ஆனால் அதைத் தாங்கி நின்றவை சபைப் பெண்களின் சங்கங்கள். ஆற்காடு மிஷனை நடத்திய அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் பெண்கள் வெளிநாட்டு ஊழியத்துக்கென 1875இலேயே தனி வாரியம் அமைத்திருந்தார்கள். சபைதோறும் பெண்கள் கூடி, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததைக் காணிக்கையாகச் சேர்த்தார்கள். வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு ஐடாவிடம் வந்தபோது அவர் நாடியதும் இவர்களைத்தான். நியூயார்க்கில் அப்படியொரு சங்கத்தின் தலைவியான டேபர் அம்மையாரின் வீட்டில் அவர் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வீட்டில் இருந்த வங்கியாளர் ஷெல்லின் காதில் அது விழுந்தது. இறந்துபோன தம் மனைவியின் நினைவாக அவர் 10,000 டாலர் கொடுத்தார்.

1900 ஜனவரியில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். கூடவே தோழி ஆனி ஹான்காக். வேலூரில் வீடு வீடாகச் சென்று பெண்களைப் பார்த்துப் பேசும் வேலை அவருடையது. வேதம் சொல்வதும் அந்த வேலையில் அடக்கம். சமய ஊழியமும் வைத்தியமும் அன்று சேர்ந்தே நடந்தன, அக்கம்பக்கத்தார் முதலில் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மே மாதமே தந்தை இறந்துவிட, ஐடா வேலூர் மிஷன் பங்களாவின் ஒரு சிறு அறையில் தனியாக வைத்தியத்தைத் தொடங்கினார். அப்போது முதல் உதவியாளராகக் கைகொடுத்தவர், பங்களாவில் வேலை பார்த்தவரின் மனைவி சலோமி. 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வாசலுக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போகும் வேலையும் விரைவில் சேர்ந்துகொண்டது. 1909 வாக்கில் ஒரு பெஜோ மோட்டார் வண்டியில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் புறப்பட்டார்கள். குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண் கழுவிக் கட்டுவார்கள், மருந்து கொடுப்பார்கள். செவிலியர் பள்ளி தொடங்கியதும் அதே காலத்தில்தான்.

வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் எத்தனை வாசல்களை எட்ட முடியும்? இந்தக் கேள்விக்கு விடையாக 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. ஆறு பேர் விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்று அரசு மருத்துவத் தலைமை சொன்னதாம். 151 விண்ணப்பங்கள் வந்தன. கட்டடங்களுக்குப் பணம் தேவைப்பட்ட 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சபைப் பெண்கள் மறுபடி இறங்கினார்கள். லூசி பீபாடியின் தலைமையில், ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக 20 லட்சம் டாலர் திரட்டினால் ராக்ஃபெல்லர் நிதியிலிருந்து 10 லட்சம் கிடைக்கும் என்பது ஒப்பந்தம். திரட்டிக் காட்டினார்கள். ஏழில் ஒன்று வேலூர். இன்னொன்று சென்னையின் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி.

1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960இல் கோடைக்கானலில் ஐடா மறைந்தார். திண்டிவனத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரை வால்டர் ஸ்கட்டர் பள்ளி தாங்கி நிற்கிறது.

சபைகள் சேர்ந்து தாங்கும் முறை வேலூரில் இன்றும் தொடர்கிறது. பல திருச்சபைகள் தங்கள் பரிந்துரையில் மாணவர்களை அனுப்புகின்றன. அப்படிப் படித்தவர்கள், பட்டம் பெற்றதும் அனுப்பிய சபையின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணிசெய்ய ஒப்புக்கொண்டு சேர்கிறார்கள். அந்த மருத்துவமனைகள் பலவும் பெருநகரங்களிலிருந்து விலகிய சிற்றூர்களில் இருக்கின்றன.