தலைவனும் தச்சனும்: 'ஜேம்ஸ் கெயார்ட்' படகின் கடற்பயணம்

கடலோடிகளின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1916ஆம் ஆண்டில் தென் சமுத்திரத்தைக் கடந்த 'ஜேம்ஸ் கெயார்ட்' என்னும் சிறு படகின் பயணமும் இதற்கு விலக்கன்று. ஏர்னெஸ்ட் ஷாக்கிள்டனின் துணிவுக்குச் சான்றாகவே அது போற்றப்படுகின்றது. ஆயின், அப்படகு கரைசேர்ந்தமைக்கான காரணங்களை ஆராயுமிடத்து, அத்துணிவோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க வேறிரு திறன்கள் புலனாகின்றன.

அந்தாட்டிக் கண்டத்தைத் தரைவழியே கடக்கும் நோக்குடன் சென்ற குழுவினரின் 'எண்டியூரன்ஸ்' என்னும் கப்பல், வெடல் கடலின் பனிக்கட்டிகளால் நெரிபட்டு 1915 நவம்பர் 21ஆம் திகதி மூழ்கியது. பனிப்பரப்பிற் பல மாதங்கள் கழித்த 28 பேரும் மூன்று படகுகளில் 1916 ஏப்ரல் நடுப்பகுதியில் எலிபன்ற் தீவை அடைந்தனர். கப்பற் போக்குவரத்தற்ற அத்தீவில் உதவியை எதிர்பார்த்திருத்தல் வீணாகும். ஆகவே, ஏறத்தாழ 800 கடல்மைல் தொலைவில், திமிங்கில வேட்டை நிலையங்கள் இருந்த தென் ஜோர்ஜியாவுக்கு அறுவர் செல்வதென முடிவாயிற்று.

படகோ 22½ அடி நீளமே உடையது, மேற்றளமற்றது. ஹரி மக்னீஷ் என்னும் தச்சர் முன்னரே அதன் பக்கங்களை உயர்த்தியிருந்தார். தீவில், சறுக்குவண்டிச் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் பரப்பி, அவற்றின்மேல் கித்தான் போர்த்தி மேற்றளம் அமைத்தார். பலகை இடுக்குகள் விளக்குத் திரியாலும் வர்ணப்பூச்சாலும் கடல்நாய் இரத்தத்தாலும் அடைக்கப்பட்டன. மற்றொரு படகின் பாய்மரம் அடிப்பகுதிக்கு வலுவூட்டப் பயன்பட்டது.

ஏப்ரல் 24ஆம் திகதி பயணம் தொடங்கியது. அலைநீர் படகின்மீது உறைந்து பாரமாகியபோது, உயிரைப் பணயம் வைத்துப் பனியை வெட்டி அகற்றினர். வழிகாட்டிய பிராங் வேர்ஸ்லிக்குச் சூரியன் நான்கு முறையளவிலேயே தென்பட்டது. மேலைக் காற்று வீசும் அக்கடலில் தீவைத் தவறவிட்டால் மீண்டு வருதல் அரிது. எனினும் அவரது கணிப்புப் பிழைக்கவில்லை. மே 8ஆம் திகதி கரை தெரிந்தது. மறுநாட் சூறாவளி படகைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. மே 10ஆம் திகதி மாலை, கிங் ஹாகோன் விரிகுடாவின் வாயிலில், ஒடுங்கிய நுழைவாயிலையுடைய சிறு குடாவொன்றில் படகு ஒதுங்கியது. தாகத்தால் வாடியவர்களுக்கு அங்கு நன்னீரும் கிடைத்தது.

ஆயினும் வேட்டை நிலையங்கள் மறுகரையில் இருந்தன. ஷாக்கிள்டன், வேர்ஸ்லி, ரொம் கிரீன் ஆகிய மூவரும் மலைகளைக் கடந்து மே 20ஆம் திகதி ஸ்ரொம்னெஸ் நிலையத்தை அடைந்தனர். பனியில் வழுக்காதிருக்க அவர்களது பாதணிகளிற் பொருத்தப்பட்டவை, படகிலிருந்து கழற்றிய திருகாணிகளே. எலிபன்ற் தீவில் எஞ்சியிருந்த 22 பேரும் ஓகஸ்ட் 30ஆம் திகதி, லூயிஸ் பார்டோ தலைமையிலான சிலி நாட்டு 'யெல்ச்சோ' கப்பலால் மீட்கப்பட்டனர். ஓருயிரும் இழக்கப்படவில்லை.

பின்னர் குழுவினருக்குத் துருவப் பதக்கம் வழங்கப்பட்டபோது மக்னீஷின் பெயர் விலக்கப்பட்டது. கப்பல் அழிந்தபின் கட்டளைக்குப் பணியவேண்டியதில்லை எனப் பனிப்பரப்பில் அவர் ஒருமுறை வாதிட்டதே இதற்குக் காரணமெனக் கருதப்படுகின்றது. படகைச் செப்பனிட்ட அவரது வேலையை ஷாக்கிள்டனே 1919இல் வெளியான தமது நூலில் எடுத்துரைத்துள்ளமை நோக்கத்தக்கது. மக்னீஷ் 1930இல் நியூசிலாந்தில் வறியவராக இறந்தார்.

கட்டுப்பாடு குலையின் குழு அழியும் என்ற தலைவரின் அச்சம் நியாயமானதே. ஆயின் ஒருநாட் பிணக்கை, அறுவரையும் கடல் கடத்திய கைத்திறனினும் மேலாக நிறுத்திய தீர்ப்பு நியாயமாகாது. பதக்கப் பட்டியலை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாசிரியன் அத்தீர்ப்பையே மீளவும் எழுதுபவனாவான். அப்படகு இன்றும் இலண்டன் டல்விச் கல்லூரியிற் பேணப்படுகின்றது. தச்சரின் பணிக்கு அதுவே சான்று.