ஓரிரவு இருக்கையும் ஓடும் வண்டியும்

காஞ்சி மாநகரை அடுத்துப் பாலாற்றங்கரையில் ஓரிக்கை என்றோர் ஊர் உண்டு. அவ்வூருக்கு அப்பெயர் வந்த வரலாற்றை வைணவ மரபு சுவையாகக் கூறுகிறது. திருமழிசையாழ்வாரின் சீடராகிய கணிகண்ணரைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். சீடர் புறப்படவே ஆசிரியரும் புறப்பட்டார். ஆழ்வார் கேட்டுக்கொண்டபடியே திருவெஃகாப் பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்களைப் பின்தொடர்ந்தார். மூவரும் அன்றிரவு தங்கிய இடமே ‘ஓரிரவு இருக்கை’ எனப் பெயர் பெற்று, நாளடைவில் ஓரிக்கை என மருவிற்று என்பர். மன்னன் பிழையுணர்ந்து வேண்டவே, மறுநாள் அனைவரும் காஞ்சிக்குத் திரும்பினர் என்பது வரலாறு.

இன்றும் ஓரிக்கையில் நாள்தோறும் ஓரிரவு இருக்கை நடைபெறுகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துப் பணிமனை ஒன்று அங்கே இருக்கிறது. பகலெல்லாம் ஓடிக் களைத்த பேருந்துகள் இரவில் அங்கு வந்து தங்குகின்றன. விடியுமுன் மீண்டும் புறப்படுகின்றன. அந்த இடைவேளையில் ஒரு பணிமனையில் என்ன நடைபெற வேண்டும்? எஞ்சினில் எண்ணெய் உள்ளதா, ரேடியேட்டரில் நீர் நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, சக்கரத்தில் காற்று உள்ளதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். நாம் உறங்கும் வேளையில் யாரோ ஒருவர் விளக்கொளியில் குனிந்து பார்ப்பதனாலேயே, காலையில் நாம் அச்சமின்றிப் பேருந்தில் ஏறி அமர்கிறோம்.

புறப்படுமுன் வண்டியைப் பார்க்கும் இவ்வழக்கம் எப்பொழுது தோன்றியது? மோட்டார் வந்த பிறகு மேனாட்டார் கற்பித்தது என்று நம்மில் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அதன் வேர் நம் மண்ணிலேயே மிக ஆழமாகச் செல்கிறது.

கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையைக் கல்லூரி மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதன் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், உப்பு வணிகரின் வண்டியை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார். ஆரக்கால்களைக் கூறுகிறார், முழவைப்போல் திரண்ட மரத்தாலாகிய குடத்தைக் கூறுகிறார். வண்டியை அருகிருந்து பார்த்துப் பழகியவருக்கே அத்தகைய வருணனை வாய்க்கும். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் மேலும் ஒரு படி செல்கிறார். எருதுகளோ இளையவை; பாரமோ மிகுதி; வழியில் எந்தப் பள்ளத்தில் இறங்க நேருமோ, எந்த மேட்டில் ஏற நேருமோ யாரறிவார்? ஆகவே உப்பு வணிகர் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறார் புலவர். இன்று காரின் பின்னால் நாம் எடுத்துச் செல்லும் ஸ்டெப்னிச் சக்கரத்திற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மூத்த உறவினன் அது! வலியறியாமல் பாரம் ஏற்றினால், ஏற்றியது மயிலிறகே ஆயினும் அச்சு முறியும் என்று வள்ளுவரும் எச்சரித்தார்.

அச்சு முறிவதற்கு முன்னரே அது தேயாமற் காக்கும் வழியையும் நம் வண்டிக்காரர் அறிந்திருந்தனர். அதுவே வண்டி மை. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயிற் குழைத்து, மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பர். நெடும்பயணம் புறப்படுமுன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியில் இழுத்து, அச்சில் மையைத் தடவுவர். மையிடாத வண்டி வழிநெடுகக் கிரீச்சிட்டு அழும். அதை இழுக்கும் மாட்டின் பாடும் அதிகமாகும். மரத்தேரை இழுப்பதற்கும் இதுவே முறை. திருவிழாவுக்கு முன் தேரின் அச்சையும் சக்கரத்தையும் பார்த்துச் செப்பனிட்ட பின்னரே வடம் பிடிப்பர். தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் இருந்தனர். திருச்சியிலுள்ள பெல் நிறுவனம் பிற்காலத்தில் பல தேர்களுக்கு எஃகுச் சக்கரமும், திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் செய்து கொடுத்தது.

அந்த விளக்கெண்ணெயின் கதை மாட்டு வண்டியோடு முடிந்துவிடவில்லை. ஆமணக்கெண்ணெய் குழகுழப்பானது; உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவரின் நிறுவனம் 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த எஞ்சின் எண்ணெய் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைக்கொண்டே அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டனர். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் சுழல் எஞ்சின்களுக்கும் ஆமணக்கெண்ணெயே ஊற்றப்பட்டது. தொடக்க காலப் பிரேக் திரவங்களிலும் சாராயத்தோடு அதுவே கலந்திருந்தது. ஆனால் மிகுந்த வெப்பத்தில் அது பிசினாகிப் படியும். அக்குறையால் நாளடைவில் கனிம எண்ணெய்களும் செயற்கை எண்ணெய்களும் அதன் இடத்தைப் பிடித்தன.

இனி மோட்டாரின் வருகையைப் பார்ப்போம். சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தார் 1903ஆம் ஆண்டிலேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டினர். அமெரிக்காவில் 1908இல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ மாடல் கார் உலகெங்கும் பரவிற்று. அதில் எண்ணெய் பார்க்கும் அளவுகோல் கிடையாது! எஞ்சினின் அடிப்பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு திருகுகுழாய்கள் இருந்தன. மேற்குழாயைத் திறந்தால் எண்ணெய் வழியுமாயின் நிரம்ப உள்ளது என்று பொருள். கீழ்க்குழாயிலும் வரவில்லையெனில் ஆபத்து. இதையறிய வண்டியின் அடியில் படுத்துக் கையை நீட்ட வேண்டும். பெட்ரோல் எவ்வளவு உள்ளது என்பதை முன்னிருக்கையின் அடியிலுள்ள தொட்டியில் குச்சிவிட்டுப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் கார் வைத்திருந்தவர், அதன் வயிற்றில் என்ன உள்ளது என்பதை அறியாமல் ஒரு காதமும் போக இயலாது.

தமிழ்நாட்டில் பேருந்துத் தொழிலை வளர்த்த முன்னோடிகளும் இந்தக் கண்காணிப்பையே முதலாகக் கொண்டனர். டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911, 1912 ஆண்டுகளில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். சாலையில் சிதறிக் கிடந்த ஆணிகள் டயரைக் குத்தாதிருக்க, காந்தம் பொருத்திய வண்டியைக் கொண்டு அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, இயந்திரத்தைத் தம் கையால் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. கரியை எரித்து அந்த வாயுவை உண்டாக்கும் கலத்தைச் சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமே உருவாக்கி அளித்தது. கரிவாயு வண்டியில் சாம்பலை அள்ளுவதும், வடிகட்டியைத் துடைப்பதும் ஓயாத வேலை. அவ்வேலைகளைச் செய்த கிளீனர்ப் பையன்கள் பலர், பார்த்துப் பார்த்தே தொழில் கற்று ஓட்டுநரானார்கள், மெக்கானிக்குகளானார்கள்.

பின்னர் நிலைமை மாறிற்று. வண்டிகள் உறுதிப்பட்டன; எண்ணெய்கள் மேம்பட்டன; முகப்புப் பலகையில் சிவப்பு விளக்குகள் வந்தன. பெருமைக்குரிய முன்னேற்றமே. எனினும் ஒரு தீமையும் உடன் வந்தது. விளக்கு எரியவில்லை, ஆகவே வண்டி நலம் என்று நாம் எண்ணத் தலைப்பட்டோம். எண்ணெய்க்குரிய சிவப்பு விளக்கு பெரும்பாலான வண்டிகளில் எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுவது. அது எரியும்போது எஞ்சினின் உறுப்புகள் உலர்ந்து உராயத் தொடங்கியிருக்கும். விளக்குச் சொல்வது கடைசி எச்சரிக்கை. முதல் எச்சரிக்கையை நம் கண்ணே காண வேண்டும்.

அதைக் காண்பது எங்ஙனம்? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். மேலே ஏறிய எண்ணெய் கீழே வடிந்து சேர அந்நேரம் தேவை. பிறகு டிப்ஸ்டிக் எனப்படும் அளவுகோலை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுதும் செருகி எடுக்க வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கு இடையில் நிற்பதே நலம். கீழ்க்குறிக்கும் கீழே போனால் எஞ்சின் தேயும். மேற்குறியைத் தாண்டினாலும் தீங்கே. சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுவது அறிவுடைமை. நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழலும் எஞ்சினில், ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடிக்குள் 50 முறை ஏறி 50 முறை இறங்குகிறது. மயிரிழை போன்ற அந்த எண்ணெய்ப் படலமே உலோகத்தை உலோகத்திலிருந்து காக்கிறது.

அடுத்தது குளிர்விக்கும் நீர். எஞ்சினுள் எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியசையும் கடக்கும். அவ்வெப்பத்தின் ஒரு பகுதியை வாங்கிக் காற்றில் விடுவதே ரேடியேட்டரின் பணி. குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்க எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளைக் கலந்தனர். நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனியின் அச்சம் இல்லை. ஆனால் அது நீரின் கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதனுடன் சேர்க்கும் மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. ஆகவே கிணற்று நீரை ஊற்றி உப்புப் படியவிடாமல், வண்டிக்குரிய கூலன்டையே ஊற்ற வேண்டும். தொட்டியின் வெளியிலுள்ள குறிகளைப் பார்த்தே அளவை அறியலாம். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட வெந்நீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது பிரேக் திரவம். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் கெடும். பிரேக் கெட்டால் உயிர் போகும். அமெரிக்காவில் 1921இல் வெளியான டூசன்பர்க் காரே நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக்குடன் வந்த முதற் கார். பாஸ்கல் கண்ட விதியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்: அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் குறைவின்றிப் பரவும். காலால் மிதிக்கும் விசை சக்கரத்தைப் பற்றுவது அவ்விதியால்தான். திரவம் அமுங்காது, ஆனால் ஆவி அமுங்கிவிடும். இத்திரவமோ காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதியதாயிருக்கையில் 205 பாகைக்குக் குறையலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையிலோ 140 பாகை இருந்தால் போதும் என்று அதே விதி கூறுகிறது. ஈரத்தால் எவ்வளவு வலு போகிறது என்பதற்கு இதுவே சான்று. மலைச்சாலையில் விடாமல் பிரேக் மிதித்து இறங்கும்போது, பழைய திரவம் கொதித்து ஆவியானால், மிதி வெறுமையாகக் கீழே போகும். ஆகவே பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்கின்றனர். அளவு சிறிது சிறிதாகக் குறைவது பிரேக் கட்டைகளின் தேய்மானத்தால் ஆகலாம். திடீரெனக் குறைந்தால் எங்கோ கசிவு என்று பொருள். அவ்வண்டியை ஓட்டாதிருப்பதே கடமை.

பாட்டரியில் நீர் ஊற்றும் வகையாயின் வாலைநீரையே ஊற்ற வேண்டும். காலையில் வண்டி நின்ற தரையையும் ஒருமுறை நோக்குங்கள். கருங்கறை எஞ்சின் எண்ணெயின் கசிவைக் கூறும். பச்சையோ இளஞ்சிவப்போ கூலன்டைக் கூறும். குளிர்சாதனத்தில் சொட்டும் தெளிந்த நீர் தீங்கற்றது. மாற்றி எடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டலாகாது. பணிமனையிற் சேர்ப்பிக்க வேண்டும். பட்டுக்குச் சாயம் தோய்க்க நல்ல நீரையே நம்பிய காஞ்சி நகருக்கு நீரின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பொழுது மின்கலத்தால் ஓடும் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் எஞ்சின் எண்ணெய் இல்லை. எனினும் பிரேக் திரவம் உண்டு. பெரும்பாலானவற்றில் மின்கலத்தைக் குளிர்விக்கும் திரவமும் உண்டு. பார்க்க வேண்டிய பொருள் மாறும். பார்க்க வேண்டிய கடமை மாறாது. உப்பு வணிகர் சேம அச்சைக் கட்டினர். வண்டிக்காரர் மை தடவினர். கிளீனர் சாம்பலை அள்ளினார். பணிமனைத் தொழிலாளி விளக்கேந்திக் குனிகிறார். இவ்வரிசையில் அடுத்து நிற்பவர் நீங்கள். உங்கள் வீட்டு வண்டி எதுவாயினும், வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் அதனருகில் நில்லுங்கள். வாரம் முழுவதும் உங்கள் பெற்றோரைச் சுமந்து ஓடிய அவ்வண்டிக்கும் ஓரிரவு இருக்கை முடிந்து, அடுத்த பயணம் காத்திருக்கிறது.